குத்துச்சண்டை கற்க விரும்பும் தோழியருக்கு

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி

நம் சென்னை மாநகரின் வட பகுதியாகிய இராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு ஆகிய இடங்களில் குத்துச்சண்டை புதிய விளையாட்டன்று. ஆங்கிலேயர் காலத்தில் கோட்டையிலிருந்த சிப்பாய்களும் துறைமுகத்துக்கு வந்த மாலுமிகளும் ஆடியதைப் பார்த்து நம் மக்கள் கற்றுக்கொண்டது இது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், மீன் பிடித்தவர்களும், ஆலைகளில் உழைத்தவர்களும் மாலை வேளையில் கையுறை மாட்டினார்கள். அவர்கள் பிரிந்து நின்ற அணிகளுக்குப் 'பரம்பரை' என்று பெயர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்பவை அவற்றுள் புகழ் பெற்றவை. பரம்பரை என்றதும் இரத்த உறவு என எண்ணிவிட வேண்டாம். ஒரே வாத்தியார் வழியில் பாடம் கேட்டவர்கள் என்பதே அதன் பொருள். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். அப்படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தெருப் பையன்கள் ஒரு மாதம் வரை கையில் துணியைச் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள்.

1980ஆம் ஆண்டில் உலகப் புகழ் பெற்ற முகமது அலியே சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடியிருக்கிறார். சென்னையைச் சேர்ந்த தேவராஜன் 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு, 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். எனினும் இவையெல்லாம் ஆண்களின் கதை. பெண்கள் குத்துச்சண்டையை ஒலிம்பிக்கில் சேர்த்ததே 2012ஆம் ஆண்டில்தான். அதாவது நாங்கள் பிறந்த காலத்தையொட்டித்தான். ஆகவே, "பெண் பிள்ளைக்கு எதற்கம்மா இது?" என்று பெரியவர்கள் கேட்டால் அவர்கள் மீது கோபப்படுவதற்கில்லை. அவர்கள் பார்த்து வளர்ந்த உலகில் அது இல்லை.

எங்கள் பகுதியில் உள்ள ஒரு பயிற்சிக் கூடத்தில் நான் பத்து மாதங்களாகக் கற்று வருகிறேன். விடுதி மாணவியரும் சிறு வகுப்புத் தங்கைமாரும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் விடை எழுதிவிடலாம் என்றுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலாவது கேள்வி: சேர்ந்தவுடன் அடி விழுமா? விழாது. உண்மையைச் சொன்னால் முதல் மாதம் முழுவதும் யாரையும் தொடக்கூட முடியாது. நிற்பதற்கே பாடம் இருக்கிறது. வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடக்காலை முன்வைத்து, தோள் அகலத்துக்குக் கால்களை விரித்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, பின்காலின் குதிகாலைத் தரையிலிருந்து கொஞ்சம் எழுப்பி நிற்க வேண்டும். முகவாய் தாழ்ந்திருக்க வேண்டும். இரு கைகளும் கன்னத்தருகே, முழங்கைகள் விலாவோடு. இப்படியே நின்று முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர வேண்டும். முன்னே போகும்போது முன்கால் முதலில் போகும், பின்னே போகும்போது பின்கால் முதலில் போகும், எந்நேரத்திலும் கால்கள் ஒன்றையொன்று தாண்டிக் குறுக்கே போகக்கூடாது. படிக்கும்போது எளிதாகத் தோன்றுகிறதல்லவா? தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதன் மீது நாற்பது முறை போய்வரச் சொன்னால் அப்போது தெரியும். எங்களோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இந்தக் கோட்டைப் பார்த்துச் சலித்தே நின்றுவிட்டார்கள்.

அடுத்தது முஷ்டி. கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு குத்தினால் அது முறியும். கட்டைவிரல் வெளியே, மற்ற விரல்களின் நடுக்கணுவின் மேல் படிந்திருக்க வேண்டும். மணிக்கட்டு வளையாமல் முன்கையோடு நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தொடங்கும் முட்டிகளில்தான் பலம் இறங்க வேண்டும். கையில் இருபத்தேழு எலும்புகள் உண்டு என்று உயிரியல் பாடத்தில் படித்தோமே, அத்தனை சிறு எலும்புகளையும் ஒன்றாகக் கட்டி வைப்பதற்காகவே பருத்திப் பட்டையைச் சுற்றுகிறார்கள். பழையவர்கள் அதை 'பேண்டேஜ்' என்றே சொல்கிறார்கள். மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டியில் மூன்று சுற்று, பிறகு விரல்களின் இடையே. கட்டி முடித்ததும் விரல்களை விரித்தால் சற்றுத் தளர்வாகவும் மடக்கினால் கெட்டியாகவும் இருக்க வேண்டும். விரல் நுனி நீலம் பாய்ந்தால் மிகவும் இறுக்கிவிட்டோம் என்று பொருள்.

பலம் கையிலிருந்து வருகிறது என்றே நானும் முதலில் எண்ணினேன். வாத்தியார் சிரித்தார். பின்காலால் தரையை மிதித்து, இடுப்பைத் திருப்பி, தோளைத் தள்ளி, கடைசியில்தான் கை போகிறது. கைக்கு வேலை மிகக் குறைவு. நியூட்டனின் மூன்றாம் விதியை எழுதச் சொன்னால் இனி எனக்குத் தடுமாற்றம் வராது. இடக்கையால் நேராக நீட்டும் குத்துக்கு 'ஜாப்' என்றும், பின்கையால் இடுப்பைத் திருப்பி நேரே விடுவதற்கு 'கிராஸ்' என்றும், பக்கவாட்டில் வளைத்து வருவதற்கு 'ஹூக்' என்றும், கீழிருந்து மேலே எழுவதற்கு 'அப்பர்கட்' என்றும் பெயர். இந்த நான்கைத் தவிர வேறில்லை. தமிழில் எழுத்து இருநூற்று நாற்பத்தேழு, இங்கே நான்கே நான்கு. ஆனால் நான்கையும் ஒழுங்காக எழுதுவதற்கு ஓராண்டு பிடிக்கும் போலிருக்கிறது. நான் இன்னும் ஹூக்கில் முழங்கையைத் தாழ்த்திவிடுகிறேன்.

ஒரு நாள் பயிற்சி இப்படி நடக்கும். முதலில் ஓட்டம், பிறகு கயிறு. மூன்று நிமிடம் குதித்து ஒரு நிமிடம் ஓய்வு. போட்டியின் சுற்றும் ஓய்வும் அப்படியே இருப்பதால் உடம்பு அந்தக் கணக்குக்குப் பழக வேண்டும் என்பார்கள். பிறகு கண்ணாடிக்கு முன் நின்று எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக் குத்துவது. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், தாம் காற்றைக் குத்துகிறவரைப் போலல்ல என்கிறார். எங்களுக்கோ பாதி நேரம் காற்றைக் குத்துவதுதான் வேலை. அதன் பின் மூட்டை. தொங்கும் மூட்டையைக் கண்டால் புதியவர்கள் கோபத்தோடு பாய்ந்து முப்பது விநாடியில் களைத்துப் போவார்கள். ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு குத்தினால் எவ்வளவு பலசாலியும் இரண்டாம் நிமிடத்தில் கையைத் தொங்கவிடுவார். கடைசியில் வயிற்றுப் பயிற்சிகள். அதைப் பற்றி எழுதினால் சேர நினைப்பவர்கள் மனம் மாறிவிடுவார்கள், ஆகையால் விட்டுவிடுகிறேன்.

செலவைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். தொடக்கத்தில் சொந்தமாக வேண்டியவை கைக்குச் சுற்றும் பட்டை, கயிறு, நழுவாத காலணி இவ்வளவே. கையுறையும் தலைக்கவசமும் பெரும்பாலான கூடங்களில் பொதுவாக இருக்கும். வியர்வை நாற்றம் சகிக்க வேண்டியதுதான். உள்ளே செய்தித்தாளைத் திணித்து வெயிலில் வைத்தால் சற்றுக் குறையும். ஆனால் பல் காப்பு மட்டும் ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்தவே கூடாது. கடையில் வாங்கி, வெந்நீரில் போட்டு இளக்கி, வாயில் வைத்துக் கடித்து நம் பல் வரிசைக்குப் பொருந்தச் செய்துகொள்ள வேண்டும்.

கூடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெற்றோர் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு நாள் முழுதும் அங்கே உட்கார்ந்து பாருங்கள். வேறு பெண்கள் கற்கிறார்களா, உடை மாற்றத் தனி அறை உண்டா, சின்னப் பையனைப் பெரிய ஆளோடு மோத விடுகிறார்களா, அடிபட்டவனை 'ஒன்றுமில்லை, எழுந்திரு' என்று திரும்பவும் உள்ளே அனுப்புகிறார்களா என்று கவனியுங்கள். கடைசியில் சொன்னது நடந்தால் அன்றே மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். நல்ல வாத்தியாருக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. தெருவில் கை நீட்டிய மாணவனை அவர் கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்.

போட்டி என்பது வேறு உலகம். நாங்கள் ஆடுவது அமெச்சூர் முறை. பரிசுப் பணத்துக்காகப் பத்து, பன்னிரண்டு சுற்று ஆடும் தொழில்முறையோடு இதைக் குழப்பக்கூடாது. பெரியவர்களுக்கு மூன்று நிமிடம் வீதம் மூன்று சுற்று. பதினைந்து, பதினாறு வயதுப் பிரிவினருக்கு இரண்டு நிமிடம் வீதம் மூன்று சுற்று. ஆக மொத்தம் ஆறு நிமிடம். காலை வழிபாட்டுக் கூட்டம் இதைவிட நீளம். எடையும் வயதும் ஒத்தவர்களைத்தான் ஜோடி சேர்ப்பார்கள். எங்கள் வயதில் ஓர் எடைப் பிரிவுக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோதான் வேறுபாடு. போட்டி நாள் காலையில் தராசில் ஏறி நிற்க வேண்டும், மருத்துவர் பரிசோதிப்பார். எடை குறைப்பதற்காகப் பட்டினி கிடப்பதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சில இடங்களில் நடக்கிறது. வளரும் பெண்கள் அதைச் செய்யவே கூடாது. அடுத்த பிரிவில் ஆடிவிட்டுப் போகலாமே!

மேடையின் கயிற்றுக்குள் நடுவர் சொல்லும் சொற்கள் மூன்று: 'பாக்ஸ்' என்றால் ஆடு, 'ஸ்டாப்' என்றால் நில், 'பிரேக்' என்றால் இருவரும் ஓரடி பின்வாங்கிய பிறகே மீண்டும் ஆட வேண்டும். இடுப்புப் பட்டைக்குக் கீழேயும், பிடரியிலும், முதுகிலும் அடிப்பது தவறு. கையுறையின் முட்டிப் பகுதி படும் அடிக்கே மதிப்பு. சுற்றில் சிறந்தவருக்குத் தீர்ப்பாளர்கள் பத்து மதிப்பெண் கொடுப்பார்கள், மற்றவருக்கு ஒன்பதோ அதற்குக் குறைவோ. ஒருவர் தள்ளாடினால் நடுவர் எட்டு வரை எண்ணி அவர் கண்ணைப் பார்ப்பார். தொடர முடியாது என்று தோன்றினால் போட்டியை நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்துவது அவமானம் என்று சுற்றிலும் நிற்பவர்கள் கூச்சலிடுவதுண்டு. கூச்சலிடுகிறவர்கள் யாரும் அடி வாங்குகிறவர்களல்லர்.

இனிச் சொல்லப் போவதை எழுதாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையானதாக இராது. என் தாய்மாமன் இளம் வயதில் மேடை ஏறியவர். வட சென்னையில் பல ஆட்டங்கள் ஆடி வென்றவர். அக்காலத்தில் தலைக்கவசம் எல்லோரிடமும் இல்லை, அடிபட்ட மறுவாரமே மறுபடியும் ஆடினார்களாம். இன்று அவருக்கு வயது அறுபது கூட ஆகவில்லை. கடைக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்கிறார். தேநீர்க் கோப்பையை இரு கையாலும் பிடிக்கிறார். குத்துச்சண்டையால்தான் இப்படியா என்று கேட்டதற்கு மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. அம்மா உறுதியாகச் சொல்கிறார்.

அம்மா சொல்வதை அச்சம் என்று தள்ளிவிட முடியாது. தலையில் பல ஆண்டுகள் அடிவாங்கிய குத்துச்சண்டை வீரர்களுக்கு நடை தள்ளாடுவதையும் பேச்சுக் குழறுவதையும் பற்றி மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். மூளை மண்டையோட்டுக்குள் நீரில் மிதப்பது போல இருக்கிறது. தலை வேகமாகத் திரும்பும்போது அது உள்ளே குலுங்குகிறது. தலைக்கவசம் புருவம் கிழியாமல் காக்கும், காது நசுங்காமல் காக்கும், ஆனால் அந்தக் குலுக்கலை நிறுத்தாது. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள குழந்தை மருத்துவர் சங்கங்கள், சிறுவர் சிறுமியர் குத்துச்சண்டையில் ஈடுபடுவதை எதிர்த்தே அறிக்கை வெளியிட்டன. இதையும் நான் படித்தேன். படித்துவிட்டு அம்மாவிடமும் காட்டினேன். மறைத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அதனால் இப்போது விதிகள் பலவாக மாறியிருக்கின்றன. தலையில் பட்ட அடியால் ஒருவர் வீழ்ந்தால் குறைந்தது ஒரு மாதம் போட்டியும் கிடையாது, எதிரெதிர் நின்று பழகும் பயிற்சியும் கிடையாது. மயக்கமுற்றிருந்தால் இன்னும் பல மாதங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் விதிகள் தனி. தலைவலி, வாந்தி, மங்கலான பார்வை எது வந்தாலும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கூடத்தில் பழகும்போது உடம்பில் மட்டுமே அடி, முகத்தில் தொடுவதோடு சரி. வாத்தியார் இதற்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் என்னைச் சேர்த்தார்கள். அடிக்கடி எதிர்நின்று மோதாமலே கால் வேலையையும் கண் வேகத்தையும் வளர்க்க முடியும் என்று வாத்தியாரும் சொல்கிறார். போட்டிக்கே போகாமல் இந்தப் பயிற்சியை மட்டும் செய்கிறவர்களும் எங்கள் கூடத்தில் இருக்கிறார்கள். உடல் உறுதிக்கு வந்த ஒரு கல்லூரி அக்காள் இரண்டாண்டுகளாக ஒரு குத்துக்கூட வாங்கியதில்லை. விருப்பமுள்ள தோழியர் அப்படித் தொடங்குவதே நல்லது என்று நினைக்கிறேன்.

மேரி கோம் அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சை முடிக்க முடியாது. மணிப்பூரில் உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், மொய்ராங்கில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர் என்பது நம் பள்ளி மாணவியருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. முதலில் ஓட்டப்பந்தய வீராங்கனையாகத்தான் இருந்தார். 1998ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் அதே மாநிலத்தைச் சேர்ந்த டிங்கோ சிங் தங்கம் வென்றதைக் கண்டு அவர் மனம் குத்துச்சண்டைப் பக்கம் திரும்பியது. வீட்டில் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டில் மாநிலப் போட்டியில் வென்றபோது செய்தித்தாளில் படம் வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் தந்தைக்கே தெரிந்தது! முகத்தில் அடிபட்டால் யார் மணந்துகொள்வார்கள் என்று அவரும் கலங்கினார். ஆனால் அம்மகளுக்கு 2005இல் திருமணம் நடந்தது, 2007இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன, 2008இல் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். 2002 முதல் 2018 வரை ஆறு உலகப் பட்டங்கள், 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். அவர் வீட்டில் மறைத்ததை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். மறைத்துக்கொண்டு கற்பவள் அடிபட்டால் அதையும் மறைப்பாள். அங்கேதான் ஆபத்து.

அவருக்குப் பின் அசாமைச் சேர்ந்த லவ்லினா போர்கோஹெய்ன் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். தெலங்கானாவின் நிகத் சரீன் 2022இலும் 2023இலும் உலகப் பட்டம் வென்றார்.

அருட்சகோதரிகளுக்கு ஒரு சிறு செய்தி. அமெரிக்காவில் சிகாகோ நகரின் துணை ஆயராயிருந்த பெர்னார்ட் ஷீல், வேலையின்றித் திரிந்த இளைஞர்களுக்காக 1930ஆம் ஆண்டில் கத்தோலிக்க இளையோர் அமைப்பைத் தொடங்கியபோது, அவர்களை ஈர்ப்பதற்குத் தேர்ந்தெடுத்த விளையாட்டு குத்துச்சண்டையே. இதை நான் நூலகத்தில் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. நம் பள்ளி மைதானத்தின் ஓரத்திலுள்ள பழைய கொட்டகையில் காலை வேளையில் கயிறு குதிக்கவும் கால் வேலை பழகவும் அனுமதி தருமாறு நாங்கள் ஆறு பேர் தலைமை அருட்சகோதரி அவர்களிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். மூட்டை கூட வேண்டாம், தரை போதும்.

என்னைப் பொறுத்தவரை, பொதுத்தேர்வு முடிந்த பின் கோடை விடுமுறையில் பதினைந்து, பதினாறு வயதுப் பிரிவில் ஒரு போட்டி இருக்கிறது. வாத்தியார் படிவம் கொடுத்துவிட்டார். பிறப்புச் சான்றும் புகைப்படமும் மருத்துவச் சான்றும் இணைத்தாகிவிட்டது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அப்பா போட்டுவிட்டார். படிவம் இப்போது மாமா வீட்டில் இருக்கிறது. அண்ணனைக் கேட்ட பிறகுதான் கையெழுத்து என்று அம்மா எடுத்துப் போனார். மாமா அதைப் படித்துப் பார்த்து, என் இடக்கை எவ்வளவு நேரம் கன்னத்தருகே நிற்கிறது என்று நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும், அவரைக் கூடத்துக்கு அழைத்துப் போகிறோம்.